புப்காவுக்கு ஒலிம்பிக்கில் ஒரே தங்கம்தானே?

3 அக்டோபர் 2025 – திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

போன மாதம் டோக்கியோவில், கம்பு ஊன்றித் தாண்டுகிற போல் வால்ட் போட்டியில், ஸ்வீடனின் டுப்ளாண்டிஸ் 6.30 மீட்டர் தாண்டியதைப் பார்த்தேன். இன்னும் 26 வயதுகூட ஆகவில்லை. இரண்டு ஒலிம்பிக் தங்கம், மூன்று உலகப் பட்டம், 14 உலக சாதனை. ஆனாலும் நம் பக்கத்து மூத்தவர்கள் புப்கா, புப்கா என்றே சொல்கிறார்கள். அவர் ஒலிம்பிக்கில் வாங்கியது ஒரே தங்கம். 1992-ல் ஒரு உயரம்கூடத் தாண்டாமல் வெளியே போனவர். அவரை எப்படி எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் என்கிறீர்கள்?

4 அக்டோபர், காலை

அந்த மூத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒலிம்பிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1984 லாஸ் ஏஞ்சலிஸை சோவியத் நாடு புறக்கணித்தது, செர்கேய் புப்கா போகவே இல்லை. அங்கே பிரான்சின் பியர் கினோன் 5.75 தாண்டித் தங்கம் வாங்கினார். அதே 1984-ல் மே முதல் ஆகஸ்டுக்குள் புப்கா திறந்தவெளி உலக சாதனையை நான்கு தடவை ஏற்றினார்: 5.85, 5.88, 5.90, 5.94. 1988 சியோலில் 5.90, தங்கம். 1992 பார்சிலோனாவில் 5.70-ல் மூன்று முயற்சியும் போச்சு. 1996-ல் அட்லாண்டா வரை போய், குதிகால் தசைநாண் வலியால் ஒரு தாண்டல்கூடத் தாண்டாமல் விலகினார். 2000 சிட்னியில் 36 வயது, அங்கேயும் 5.70 தாண்ட முடியவில்லை.

இப்போது உலகப் போட்டி. 1983 ஹெல்சிங்கியில் 19 வயதுப் பையனாக 5.70 தாண்டிப் பட்டம். பிறகு 1987, 1991, 1993, 1995, 1997. ஏதென்ஸில் கடைசிப் பட்டம் வாங்கும்போது தாண்டிய உயரம் 6.01. நடந்த ஆறு போட்டியிலும் அவரே. 14 ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளை பிறந்து ஒன்பதாம் வகுப்புக்கு வரும் காலம். அவ்வளவு நாளும் உலகத்தில் வேறு யாரும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை.

உலக சாதனைகள் மொத்தம் 35. அவருடைய 6.15-ஐ 2020-ல் டுப்ளாண்டிஸ் உடைக்கும் வரை யாரும் நெருங்கவில்லை.

4 அக்டோபர், இரவு

காலையில் எழுதியதில் ஒரு பிழை. பார்சிலோனாவில் மூன்று முயற்சியும் 5.70-ல் இல்லை. 5.70-ல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவதை அங்கே வீணாக்காமல், விட்டுவிட்டு 5.75-க்குப் போனார். அங்கே மிச்சமிருந்த ஒரே முயற்சியும் தவறியது. விதி அப்படித்தான்: ஒரு உயரத்தில் தவறினாலும் அதை விட்டு மேலே போகலாம், ஆனால் தொடர்ந்து மூன்று தவறு ஆனால் முடிந்தது. 5.80 தாண்டிய மாக்சிம் தாரசோவ் தங்கம் வாங்கினார். புப்காவுக்கு அது வழக்கமாகப் போட்டியை ஆரம்பிக்கிற உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

5 அக்டோபர்

"நீங்க தாண்டியிருக்கீங்களா, இல்ல பேப்பர் படிச்சுட்டுப் பேசுறீங்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் சோழவந்தான் பக்கம். வாய்க்கால் பாசனம், நெல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கம்பு ஊன்றித் தாண்டுவது விளையாட்டு வகுப்பில் வந்த பாடம் இல்லை. கொடிக்காலுக்குப் போகிற வழியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும். பாலம் தூரத்தில் இருக்கும். கையில் இருக்கிற கம்பை நடுவாய்க்காலில் ஊன்றி அக்கரையில் போய் இறங்குவோம். கம்பு சேற்றில் மாட்டிக்கொண்டால் நடுவில் நின்று ஒரு நொடி யோசித்து அப்படியே தண்ணீருக்குள் விழுவோம். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, ஹாலந்து நாட்டில் ஃப்ரீஸ்லாந்து என்ற பகுதியில் இதையே இன்றும் போட்டியாக நடத்துகிறார்கள். அங்கே கணக்கு உயரம் இல்லை, தூரம்.

எட்டாம் வகுப்பில் எங்கள் பி.டி. சார் இதைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தோம். "டேய், அந்தக் கம்பை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்கு வா" என்றார். பந்தல்காரர் ஒருவரிடம் சாரம் கட்டுகிற மூங்கிலில் நேரானதாக ஒன்றைத் தேர்ந்து வாங்கினார். கணுக்களை இழைத்து, பிளக்காமல் இருக்க இடையிடையே துணி நாடா சுற்றி, அடியில் சைக்கிள் டயர் ரப்பரை வைத்துக் கட்டினார். ஊன்றுகிற பெட்டிக்குப் பள்ளத்தில் பலகை அடித்தார். விதிப்படி அந்தப் பெட்டியின் ஆழம் 20 சென்டிமீட்டர். சார் அதை ஸ்கேல் வைத்து அளந்தது நினைவிருக்கிறது. விழுவதற்கு மெத்தையா இருந்தது? கயிறு திரிக்கிற இடத்திலிருந்து தென்னை நார்க் கழிவை மாட்டு வண்டியில் கொண்டுவந்து சாக்கில் அடைத்து, அதன்மேல் வைக்கோல். மழை பெய்தால் அந்தச் சாக்குகள் ஊறிக் கல்லாகிவிடும்.

மூங்கிலில் தாண்டும்போது கால் முதலில் இறங்குகிற மாதிரி வர வேண்டும். இன்று டுப்ளாண்டிஸ் விழுகிறாரே முதுகில், அதை அந்தச் சாக்கின் மேல் செய்தால் ஆஸ்பத்திரிதான். எங்கள் தாண்டல் முறையே எதில் விழுகிறோம் என்பதைப் பார்த்து அமைந்தது. புப்காவையும் டுப்ளாண்டிஸையும் ஒப்பிடுகிறபோதும் இதை மனதில் வைக்க வேண்டும். கம்பும் மெத்தையும் ஓடுபாதையும் மாறிக்கொண்டே வந்த விளையாட்டு இது.

ப்ளஸ் டூ வருவதற்குள் மூங்கிலில் 3.25 தாண்டினேன். வருவாய் மாவட்டப் போட்டியில் முதலிடம். போட்டி மதுரையில். 14 அடிக் கம்பைப் பஸ்ஸில் எப்படி ஏற்றுவது? விடியற்காலை வெற்றிலைக் கூடை ஏற்றிப் போகிற லாரியில் கூடைகளுக்கு மேல் கட்டிவிட்டார் சார். நானும் கூடைகளோடு உட்கார்ந்து போனேன். ரேஸ்கோர்ஸில் இறங்கும்போது உடம்பெல்லாம் வெற்றிலை வாசம். இன்றும் வெற்றிலை வாசம் வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

6 அக்டோபர்

மூங்கிலைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னது சரி. அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் மூங்கில் கம்பால் 1940-ல் முதல் ஆளாக 15 அடி தாண்டினார். 1942-ல் 4.77 மீட்டர் வரை போனார். உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் நடக்கவில்லை. அவருக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடையாது. திருமங்கலம் தம்பியின் கணக்குப்படி பார்த்தால் அவர் சாம்பியனே இல்லை என்று ஆகிவிடும்.

அப்புறம், 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சிலர் கம்பை ஊன்றி, அது நிமிர்ந்து நிற்கிற நேரத்தில் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு நம் ஊரில் வழுக்கு மரம் ஏறுகிறவர்களை அந்தக் காலத்தில் அங்கே அனுப்பியிருந்தால் பரிசை நாம் கொண்டுவந்திருப்போம். பிறகு கம்பைப் பிடித்த பின் கைமாற்றி ஏறக் கூடாது என்று விதி வந்துவிட்டது.

8 அக்டோபர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

1992 ஆகஸ்டில் பார்சிலோனா. ஊர் டீக்கடையில் பேப்பரில் பார்த்தேன், புப்கா ஒரு உயரமும் தாண்டவில்லை என்று. பி.டி. சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்றார். மறுநாளும் அதே செய்தி வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

அதே பள்ளி ஆண்டில் எனக்கு மாநிலப் போட்டி வந்தது. வெளியூர். அங்கே முதல் தடவையாக ஃபைபர் கம்பைக் கையில் தொட்டேன். இன்னொரு பள்ளிக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தது. "மூங்கில்ல இங்க யாரும் தாண்டறதில்ல, இதுல தாண்டு தம்பி" என்றார்கள். கம்பின் மேல் 160 பவுண்டு என்று எழுதியிருந்தது. அது கம்பின் எடை என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அந்த எண் கம்பு எவ்வளவு எடையுள்ள ஆளுக்கானது என்று சொல்லும் எண். 160 பவுண்டு என்றால் 72 கிலோவுக்கு மேல். நான் 51 கிலோ.

2.80-ல் ஆரம்பித்தார்கள். மூங்கிலில் 3.25 தாண்டியவன் நான், 2.80-ஐயும் 2.90-ஐயும் 3.00-ஐயும் விட்டுவிட்டு 3.10-ல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் ஓட்டம்: கம்பு வளையவே இல்லை, சுவரில் மோதின மாதிரி நின்று என்னை ஓடிவந்த பாதையிலேயே திருப்பிப் போட்டது. இரண்டாவது: பயத்தில் ஓட்டம் குறைந்தது, அதனால் இன்னும் மோசம். மூன்றாவதற்கு எங்கள் மூங்கிலை எடுத்தேன். ஆனால் பிடி, அடிக் கணக்கு, எல்லாம் குழம்பிப்போயிருந்தது. பாருக்கு, அதாவது தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பிக்கு, கீழேயே போனேன். பட்டியலில் என் பெயருக்கு எதிரே உயரம் இல்லை.

திரும்பி வந்து கம்பைப் பள்ளி அறையில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் போட்டியில் தாண்டவில்லை. பரீட்சை, குடும்பம், கயிறு வியாபாரம் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. பெயருக்கு எதிரே காலியாக இருந்த அந்தக் கட்டம்தான்.

இனி இந்தத் தேதிகளைப் பாருங்கள். பார்சிலோனா இறுதிப் போட்டி 1992 ஆகஸ்ட் 7. ஆகஸ்ட் 30-ஆம் தேதி இத்தாலியில் படோவா நகரில் புப்கா 6.12 தாண்டினார், புதிய உலக சாதனை. இடையில் 23 நாள். செப்டம்பர் 19-ல் டோக்கியோவில் 6.13. உலகமே பார்க்க உயரமே இல்லாமல் போன மனிதன் 23 நாளில் கம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே ஓடுபாதையின் முனையில் நின்றிருக்கிறார். தங்கத்தை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். நான் அந்த 23 நாளை எண்ணுகிறேன். அந்த நாள்களில் என்ன செய்தார், யாரோடு பேசினார், முதல் தடவை மறுபடி கம்பைத் தொட்டபோது கை நடுங்கியதா என்று எனக்கு 33 வருடமாகக் கேள்வி.

9 அக்டோபர்

நேற்றைய குறிப்புக்கு வந்த அன்பான பதில்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

"புப்கா காசுக்காக ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றினார்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதை மறுக்க முடியாது. ஒவ்வொரு உலக சாதனைக்கும் தனியாகப் பரிசுத்தொகை உண்டு. ஒரேயடியாகப் பத்து சென்டிமீட்டர் ஏற்றினால் ஒரு பரிசு, ஒவ்வொன்றாக ஏற்றினால் பத்துப் பரிசு. 1991 டோக்கியோ உலகப் போட்டியில் பார் 5.95-ல் இருந்தது. படத்தை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் அவர் உடம்பு 6.37 உயரத்துக்கு மேலே போனதாகச் சொன்னார்கள். அப்படியானால் கைவசம் இருந்ததை மிச்சம் பிடித்தார் என்றுதான் அர்த்தம். டுப்ளாண்டிஸும் 6.17 தொடங்கி 6.30 வரை ஒவ்வொரு சென்டிமீட்டராகத்தான் வந்திருக்கிறார்.

11 அக்டோபர்

ஒன்பதாம் தேதி எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். திறந்தவெளிச் சாதனைப் பட்டியலை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 5.85, 5.88, 5.90, 5.94, 6.00, 6.01, 6.03, 6.05, 6.06. இது 1988 ஜூலை வரை. இதில் எங்கே சென்டிமீட்டர் கணக்கு? 5.94-லிருந்து நேராக 6.00. 1985 ஜூலை 13, பாரிஸ். அதுவரை மனிதர் யாரும் தாண்டாத ஆறு மீட்டரை, ஆறு சென்டிமீட்டர் ஒரேயடியாக ஏற்றித் தாண்டினார். 6.06-க்குப் பிறகு, 1991-லிருந்துதான் ஒவ்வொன்றாகப் போகிறது, 1994 ஜூலை 31-ல் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் 6.14 வரை.

21 வயதில் ஆறு சென்டிமீட்டர் தாவினார், 28 வயதில் ஒரு சென்டிமீட்டராக வைத்தார். எங்கள் பக்கம் மூத்த கொடிக்கால்காரர்கள் வெற்றிலை கிள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். இளவட்டம் கொடியை உருவும். அவர்கள் ஒரு கொடியில் இத்தனை இலைதான் என்று விட்டுவிட்டுக் கிள்ளுவார்கள், அடுத்த தடவைக்கும் கொடி வேண்டும் என்று. அதை ஆசை என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. 1984 ஆகஸ்ட் 31, ரோம். பிரான்சின் தியெரி விஞெரோன் 5.91 தாண்டி புப்காவின் 5.90-ஐ உடைத்துவிட்டார். கூட்டம் கைதட்டி முடிப்பதற்குள், சில நிமிடத்திலேயே புப்கா 5.94 தாண்டினார். விஞெரோன் உலக சாதனையாளராக இருந்தது ஒரு டீ ஆறுகிற நேரம். காசுக் கணக்குப் போடுகிற ஆளாக இருந்தால் அன்றைக்கு 5.92 போதுமே.

12 அக்டோபர்

முதல் நாள் குறிப்பில் இன்னொரு பெரிய தவறு. திண்டுக்கல் நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. 6.15-ஐ முதலில் உடைத்தது டுப்ளாண்டிஸ் இல்லை, பிரான்சின் ரெனோ லாவிலெனி. 2014 பிப்ரவரி 15, 6.16. நடந்த ஊர் டொனெட்ஸ்க். புப்கா 1993 பிப்ரவரி 21-ல் 6.15 தாண்டிய அதே ஊர். அவரே நடத்திய போட்டி, அவர் கண்ணெதிரே உடைந்தது. 21 வருட சாதனை போகிறதைப் பார்த்து முதலில் போய் வாழ்த்தியவர்களில் அவர் ஒருவர்.

புப்காவின் 35-ல் 17 திறந்தவெளி, 18 உள்ளரங்கம். அவர் காலத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. டுப்ளாண்டிஸின் 14-க்குக் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கணக்கு. அதனால் 35-ஐயும் 14-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. இது டுப்ளாண்டிஸுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய விஷயம், தம்பி பக்கம் ஒரு புள்ளி.

டொனெட்ஸ்க் என்றதும் ஒன்று. புப்கா பிறந்தது லுஹான்ஸ்கில். பயிற்சியாளர் வித்தாலி பெத்ரோவ் டொனெட்ஸ்க் போனபோது, 15 வயதில் அண்ணனோடு அவரும் வீட்டை விட்டு அங்கே போய்விட்டார். நல்ல வாத்தியார் எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளை. லாவிலெனி தாண்டிய அதே 2014-ல் அந்த ஊருக்குப் போர் வந்தது.

15 அக்டோபர்

மேலூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: மகளுக்கு 14 வயது, உயரம் தாண்டுதலில் இருக்கிறாள், போல் வால்ட்டுக்கு மாறலாமா, பயமாக இருக்கிறது, வயது தாண்டிவிட்டதா?

அக்கா, வயது தாண்டவில்லை. ரஷ்யாவின் யெலேனா இசின்பயேவா 15 வயது வரை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். உயரமாக வளர்ந்துவிட்டதால் அங்கே வழி அடைபட்டு இங்கே வந்தார். 2004, 2008 ஒலிம்பிக் தங்கம். 2005-ல் ஐந்து மீட்டர் தாண்டிய முதல் பெண். 2009-ல் சூரிச்சில் அவர் வைத்த 5.06-ஐ இன்று வரை யாரும் தாண்டவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி வந்ததே 2000-ல்தான்.

நம் மாநிலத்துக்கு இந்த விளையாட்டில் நல்ல பெயர் உண்டு. வி.எஸ். சுரேகா 2014-ல் 4.15 தாண்டித் தேசிய சாதனை வைத்தார். 2022 தேசிய விளையாட்டில் ரோஸி மீனா பால்ராஜ் 4.20 தாண்டி அதை உடைத்தார். பவித்ரா வெங்கடேஷ் 2023 ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 4 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். ஆண்களில் விஜய் பால் சிங் 1987-ல் வைத்த தேசிய சாதனை 31 வருடம் அசையாமல் இருந்தது. 2018-ல் புவனேஸ்வரில் அதை 5.15 தாண்டி அசைத்தவர் நம் சிவா சுப்பிரமணி. 2022-ல் 5.31 வரை போனார். இந்த பிப்ரவரியில் டேராடூனில் மத்தியப் பிரதேசத்துப் பையன் தேவ் மீனா 5.32 தாண்டினார், ஏப்ரலில் கொச்சியில் 5.35.

பயத்தைப் பற்றி. பயம் இருக்க வேண்டியதுதான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிய வேண்டும். உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். எடைக்குப் பொருந்தாத கம்புக்குப் பயப்படுங்கள். பெட்டிக்குப் பின்னால் மெத்தை ஒட்டாமல் இடைவெளி இருந்தால் அதற்குப் பயப்படுங்கள். "பரவாயில்ல, ஒரு தடவ தாண்டிப் பாரு" என்கிற வாய்க்குப் பயப்படுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பிள்ளையை விடுங்கள்.

மெலிந்த பிள்ளை, கையில் வலு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையைவிட ஓட்டம் முக்கியம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவரின் ஓட்டம் முழுக்க உயரமாக மாறினால் ஐந்து மீட்டர் சொச்சம் மேலே போகலாம். நிற்கும்போதே நம் உடம்பின் நடு ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஆறு மீட்டர். கடைசியில் கையால் தள்ளுவது அதற்கு மேலே. புப்கா மற்றவர்களைவிட வேகமாக ஓடினார், மற்றவர்களைவிட மேலே பிடித்தார், மற்றவர்கள் தூக்கவே தயங்கிய விறைப்பான கம்பை எடுத்தார். கம்பு பெட்டியில் முட்டுவதற்கு முன்பே கால் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்பது பெத்ரோவ் சொல்லிக்கொடுத்த பாடம். நான் அன்று அந்த 160 பவுண்டுக் கம்பில் செய்தது அதற்கு நேர் எதிர்: கம்பு முட்டிய பிறகு அது என்னைத் தூக்கும் என்று காத்திருந்தேன்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி, ஊரெல்லாம் வெடிச் சத்தம், கயிறுக் கடைக்கு லீவு. ஒரு சின்னக் கதை மட்டும்.

1936 பெர்லின் ஒலிம்பிக். ஜப்பானின் நிஷிடா, ஓஏ இருவரும் 4.25. இரண்டாம் இடம் யாருக்கு என்று இன்னும் தாண்டித் தீர்த்துக்கொள்ள இருவருக்கும் மனம் இல்லை. வெள்ளி நிஷிடாவுக்கு, வெண்கலம் ஓஏவுக்கு என்று முடிவானது. ஊருக்குப் போய் இரண்டு பதக்கத்தையும் பாதியாக அறுத்து ஒட்டி, ஆளுக்குப் பாதி வெள்ளி பாதி வெண்கலமாக வைத்துக்கொண்டார்கள். என் பேத்திக்கு இதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த அதிரசத்தைப் பிட்டுப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

25 அக்டோபர்

திருமங்கலம் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி, கடைசியாக யார் பெரியவர்? நேரா சொல்லுங்க."

நேராகச் சொல்கிறேன். உயரத்தில் டுப்ளாண்டிஸ். 6.30-க்கும் 6.15-க்கும் நடுவில் பேச்சுக்கு இடமில்லை. நான்கு வயதில் வீட்டுக் கொல்லையில் அப்பா போட்டுக்கொடுத்த தளத்தில் தாண்ட ஆரம்பித்தவர், அந்த நளினத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 தோஹாவில் வெள்ளிக்குப் பிறகு பெரிய போட்டிகளில் அவரை யாரும் தள்ளிவிடவில்லை. தள்ளிவிட்டால் 23-வது நாள் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாது. புப்கா என்ன செய்தார் என்று தெரியும். எனக்கு அவர்தான் பெரியவர். உங்களுக்கு வேறு ஆளாக இருக்கலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

1 நவம்பர்

இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் பிள்ளைகளுக்கு உதவிக்குப் போகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. பார் ஏற்றுவேன், கம்பு பிடிப்பேன், அடி அளப்பேன். மேலூர் அக்கா இன்று மகளோடு வந்திருந்தார். அவளைச் சாய்ந்த கம்போடு மூன்று எட்டு மட்டும் ஓடவிட்டு மெத்தையில் இறங்க வைத்தோம். இருபது தடவையாவது இறங்கியிருப்பாள். போதும் தாயி என்றாலும் கேட்கவில்லை.

அங்கே இன்னொரு பெண் இருக்கிறாள், பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் ஒரு போட்டியில் ஒரு உயரமும் தாண்டாமல் வந்தாள். ஆரம்ப உயரத்தை விட்டுவிட்டு மேலே வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் இனி வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். நான் போகும்போது மெத்தை மேலிருந்த மழைத் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அடுத்த மீட்ல 2.20-ல ஆரம்பிக்கிறேன்" என்றாள். பாரை 2.20-ல் வைத்தேன். தாண்டினாள். மறுபடி அதே 2.20-ல் வைக்கச் சொன்னாள்.

ஒரு உதவி வேண்டும். மழைக்காலம் முழுக்க அந்த மெத்தை திறந்தே கிடக்கிறது, பஞ்சு தண்ணீர் குடித்துவிட்டால் காய இரண்டு வாரம் ஆகும். ஆறுக்கு ஐந்து மீட்டர் மெத்தை. அதை மூடுகிற அளவுக்குப் பழைய லாரித் தார்ப்பாய் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கட்டுவதற்குக் கயிறு என்னிடம் இருக்கிறது.